வயிறு பதினொண்டு

என் மகள் ஆரணிக்கு வயிற்றுத் தையல் பிரித்து இரண்டு மாதத்துக்குள் மூன்று தாய்மார் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஒருத்தி ஸ்டுட்கார்டிலேயே இருக்கிறாள், மற்ற இருவரும் தூரம். மூன்று பேரின் பிள்ளைகளுக்கும் ஓட்டிசம். மூன்று பேரும் கதையைத் தொடங்க முன்னரே ஒரே வசனத்தைச் சொன்னார்கள்.

"அக்கா, நான் எடுத்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லவில்லை. ஆனால் என் வீட்டுக் கதையை நான் ஒளிப்பதாக இல்லை. எங்கள் சனம் நீரிழிவையே ஒளித்து வைத்துக்கொண்டு கேசரி சாப்பிடும் சனம், ஓட்டிசத்துக்குக் கேட்கவா வேண்டும்? நானும் ஒளித்துப் பார்த்தவள்தான். நோயை அல்ல, வேறொன்றை. அதனால் என் பிள்ளை செத்துப்போயிருப்பாள். ஆகவே முழுசாக எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம்.

என் பெயர் தர்சினி. நான்கு வயதில் இங்கே ஜேர்மனிக்கு வந்து, இங்கேயே படித்து, ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். கணவர் கோஜோ கானாவில் பிறந்தவர், லிஃப்ட் திருத்தும் வேலை. எங்கள் கலியாணத்துக்கு என் பக்கத்தில் வந்தவர்களை ஒரு காருக்குள் அடக்கலாம். கோஜோவின் நிறத்துக்காரரைச் சொல்ல எங்கள் ஆட்களிடம் ஒரு சொல் இருக்கிறது, அதை நான் இங்கே எழுதமாட்டேன். ஆரணி எங்கள் ஒரே மகள். வயது ஒன்பது. அப்பாவின் உயரம் என்பதால் பார்க்கிறவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று என்பார்கள். கறுப்புப் பிள்ளை. தெரிந்தேதான் இப்படி எழுதுகிறேன். "பொது நிறம்தானே" என்று என் உறவினர் பூசி மெழுகுவது எனக்குச் சரிவராது. கடைக்குள் போனால் காவலாளி அவளுக்குப் பின்னால் வருவது பொது நிறத்தைப் பார்த்து அல்ல.

ஓட்டிசத்தை நான் நோய் என்று சொல்வதில்லை. உலகத்தை வாங்கிக்கொள்ளும் விதம் அவளுக்கு வேறு, அவ்வளவுதான். சத்தம், வெளிச்சம், தொடுகை எல்லாம் எங்களுக்கு ஒரு கரண்டி என்றால் அவளுக்கு ஒரு வாளி. சொன்னதைச் சொன்னபடி எடுப்பாள், கண்டதைக் கண்டபடி சொல்வாள். இதைக் கண்டுபிடித்து எழுத்தில் வாங்க எங்களுக்கு இரண்டரை வருடம் பிடித்தது. பாலர் பாடசாலையில் அவள் குழுவில் பொன்னிற முடியோடு ஒரு பையன் இருந்தான். சத்தம் கூடினால் அவனும் மேசைக்குக் கீழே போய்ப் படுப்பான், இவளும் படுப்பாள். அவனைப் பற்றி "அவனுக்குச் சத்தம் ஒத்துவராது, பரிசோதிக்க வேண்டும்" என்றார்கள். இவளைப் பற்றி "வீட்டில் கண்டிப்பு இல்லைப் போலிருக்கிறது" என்றார்கள். பிறகு தமிழ், ஜேர்மன், அப்பாவின் மொழி என்று மூன்று மொழிக் குழப்பம் என்றார்கள். பிறகு வைத்தியரைப் பார்க்க டெர்மின், அதாவது ஒரு நாள், கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். அறிக்கை கையில் கிடைத்த அன்று நான் அழவில்லை. அதைப் பாடசாலையின் மேசையில் வைத்துவிட்டு, இனிக் கண்டிப்பைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பயிற்சி கொடுத்த சிகிச்சையாளர் ஆரணிக்கு ஒரு நல்ல வேலை செய்துவிட்டுப் போனார். பூச்சியத்திலிருந்து பத்து வரை எண்களால் சொல்லப் பழக்கினார். "சத்தம் ஆறு" என்றால் காதுக்கு ஹெட்போன் போடுவோம். பத்து என்றால் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு வெளியே போகவேண்டும். ஒரு சாமத்திய வீட்டில், பூப்புச் சடங்குக்குப் போன இடத்தில், பத்து வந்தது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசையில் எங்களை இருத்தியிருந்தார்கள். நாங்கள் எழும்பிப் போகும்போது பட்டுச்சேலை மாமி ஒருத்தி, "ரெண்டு போட்டு வளத்திருந்தா இப்பிடி வந்திராது" என்றா.

"அந்த ஸ்பீக்கரை உங்கட காதில கட்டிப்போட்டு ஒருக்காக் கதைப்பம் மாமி" என்றேன். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு எங்களுக்கு அழைப்பு வைக்கவில்லை. ஆரணிக்கு அதில் நல்ல சந்தோசம்.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலையால் வந்தவள் சாப்பிடாமல் தரையில் சுருண்டு படுத்தாள். சனிக்கிழமை காலை குடித்த தண்ணீரையும் சத்தி எடுத்தாள். மூன்று பேரும் வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். எந்த வைத்தியசாலை என்று சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னால் மற்ற இடங்கள் எல்லாம் திறம் என்று நினைத்துவிடுவீர்கள்.

கோஜோ போகுமுன் சேர்ட்டை அயன்பெட்டியால் மினுக்கிப் போட்டார். வைத்தியசாலையோ கந்தோரோ, எங்கே போனாலும் அவர் அப்படித்தான். கைகளை மடியில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருப்பார், குரலை உயர்த்தமாட்டார். "நான் சத்தம் போட்டால் அவர்களுக்கு நோயாளி தெரியாது, நான் மட்டும்தான் தெரிவேன்" என்று கலியாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறார். ஆகவே எங்கள் வீட்டில் கதைப்பது என் வேலை.

மூன்று மணித்தியாலம் காத்திருந்த பிறகு ஒரு தாதி கூப்பிட்டா. ஒரு அட்டையைக் காட்டினா. அதில் வரிசையாக முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் கண்ணீர் வடிக்கும். வலி எவ்வளவு என்று பிள்ளைகள் தொட்டுக் காட்டவேண்டும். ஆரணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை, ஆகவே கடைசி முகம் அவளுடையது அல்ல. வாய் கோணவில்லை, ஆகவே நடு முகங்களும் அல்ல. மிஞ்சியது முதல் முகம். அதைத் தொட்டாள். தாதி பூச்சியம் என்று எழுதினா. முகத்தைப் பார்த்து, "நிறமும் நன்றாக இருக்கிறது, வெளிறவில்லை" என்று சேர்த்து எழுதினா. கறுப்புத் தோலில் வெளிறலைக் கன்னத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? உதட்டின் உட்புறத்தைப் பார்க்கவேண்டும், உள்ளங்கையைப் பார்க்கவேண்டும். ஆரணியின் உதட்டின் உட்புறம் சாம்பல் பூத்திருந்தது. நான் கண்டேன். சொல்லவில்லை.

பிறகு ஒரு இளம் வைத்தியர் வந்தார். ஆரணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"அம்மா, வயிறு பதினொண்டு."

"என்ன சொல்கிறாள்?" என்று வைத்தியர் கேட்டார்.

"கொஞ்சம் வயிற்று வலி இருக்கிறதாம்" என்றேன் ஜேர்மனில்.

அந்தக் "கொஞ்சம்" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இங்கே வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அது தெரியும். எட்டு, ஒன்பது வயதில் அப்பாவோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் மொழிபெயர்த்தவர்கள் நாங்கள். அப்பா கோபத்தில் பத்து வசனம் சொல்வார். நான் அதிகாரியிடம், "அப்பா தயவாகக் கேட்கிறார்" என்று ஒரு வசனம் சொல்வேன். அதிகாரி மூஞ்சியில் அடித்த மாதிரி ஒன்று சொல்வார். நான் அப்பாவிடம், "அடுத்த கிழமை வரட்டாம்" என்பேன். யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. சத்தமாகத் தெரிந்தால் கோப்பை மூடிவிடுவார்கள் என்று பிள்ளைப் புத்திக்கே விளங்கியிருந்தது. எல்லாக் கூர்மையையும் அரம் போட்டு மழுக்கிக் கொடுப்பதில் நான் விண்ணி, பெரிய கெட்டிக்காரி. அன்றைக்கு என் மகளின் வலியையும் மழுக்கிக் கொடுத்தேன். பத்துக்கு மேலே ஒரு எண்ணைச் சொன்னால், மிகைப்படுத்தும் தாய் என்று நினைத்துவிடுவார் என்ற பயம்.

வைத்தியர் சொல்லாமல் கொள்ளாமல் வயிற்றில் கையை வைத்தார். ஆரணி அவர் கையைத் தட்டிவிட்டுக் கத்தினாள். "எப்போதும் இவ்வளவு முரட்டுத்தனமா?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆம், நான்தான் மன்னிப்புக் கேட்டேன். வயிற்றுக் கிருமி, நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காய்ச்சல் முப்பத்தொன்பதரை. வலது காலை நீட்ட மாட்டாள், கூனிக்கொண்டுதான் நின்றாள். பேச்சு நின்றுவிட்டது. கோஜோ அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்று சேர்ட் மினுக்கவில்லை.

அதே அவசரப் பிரிவில் இரத்தம் எடுக்க வந்தார்கள். நான் கையை உயர்த்தி, "முதலில் அவளுக்குச் சொல்லுங்கள், ஊசியைக் காட்டுங்கள், ஒரு நிமிடம் போதும்" என்றேன். நேரமில்லை என்றார்கள். வந்தவர்கள் பிடித்தார்கள். தோளைப் பிடித்தார்கள், கையைப் பிடித்தார்கள், ஒருவர் தலையை அமத்தினார். ஆரணி கண்ணுக்கு முன்னால் இருந்த கையைக் கடித்தாள். தாதி ஒருத்திக்கு மணிக்கட்டில் பல் பதிந்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் கதவடியில் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் வந்து நின்றார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு. நேற்றைய வைத்தியர் கணினியைப் பார்த்தபடி, அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்து மனநலப் பிரிவு வைத்தியரைக் கூப்பிடலாம் என்றார். நேற்று வலி பூச்சியம் என்று பதிவாகியிருக்கிறது, ஆகவே இது நடத்தைப் பிரச்சினை என்றார்.

கோஜோ என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் விளங்காது, எங்களுக்குள் ஜேர்மன்தான்.

"நேற்று அவள் உன்னிடம் என்ன சொன்னாள், தர்சி?"

"வயிறு பதினொன்று என்றாள்."

"பதினொன்றா?"

"ஓம்" என்று தமிழில் வந்தது.

"நீ கொஞ்சம் என்றாய். அவள்தான் அப்படிச் சொன்னாளாக்கும் என்று நான் நினைத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த இடத்தில் எனக்குள் ஏதோ அறுந்தது. வெட்கம் என்று சொல்லலாம், ஆத்திரம் என்றும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்துதான் வந்தது. நான் வைத்தியருக்கும் கணினிக்கும் நடுவில் போய் நின்றேன்.

"நான் சொல்வதைச் சொன்னபடி எழுதுங்கள்" என்றேன். "நேற்று என் மகள் தன் வலி பதினொன்று என்று சொன்னாள். அவளுடைய கணக்கில் பத்துதான் கடைசி. நான் அதைக் கொஞ்சம் என்று மாற்றிச் சொன்னேன். பிழை என்னுடையது, அதையும் எழுதுங்கள். இப்போது அவளால் வலது காலை நீட்ட முடியவில்லை. குடல்வளரியா என்று ஸ்கேன் செய்து பார்க்கவேண்டும். மாட்டோம் என்றால், மறுத்தவர் பெயர், நேரம், காரணம் மூன்றையும் எழுதி எனக்கொரு பிரதி தாருங்கள். பிரதி வரும்வரை நான் இந்தக் கதிரையில் இருப்பேன். கதவடியில் நிற்கிறவரையும் உள்ளே கூப்பிடுங்கள், அவர் சாட்சியாக இருக்கட்டும்."

ஜேர்மனியில் எழுத்தில் தா என்று கேட்டால் காரியங்கள் வேறு வேகத்தில் நடக்கும். கால் மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை வைத்தியர் வந்தார், நரைத்த குட்டை முடி வைத்த ஒரு பெண். வாசலில் நின்றபடியே எங்களிடம், "எப்படிச் செய்தால் அவளுக்குச் சுகம்?" என்று கேட்டார். இரண்டு நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்.

கோஜோ சொன்னார். விளக்கை அணையுங்கள். ஸ்கேனுக்கு வயிற்றில் பூசும் ஜெல் குளிரக்கூடாது. தொடுவதற்கு முன் எங்கே, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். கருவியை அவளே பிடிக்கட்டும். வைத்தியர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஜெல் குழாயைத் தன் கைக்குள் வைத்துச் சூடாக்கினார். ஆரணி கருவியைப் பிடித்துத் தன் வயிற்றில் தானே நகர்த்த, வைத்தியர் அவள் மணிக்கட்டை மட்டும் பிடித்து வழிகாட்டினார். யாரையும் கடிக்கவில்லை. திரையைப் பார்த்த வைத்தியரின் முகம் மாறியது.

குடல்வளரி என்பது பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் சின்ன விரல் மாதிரித் தொங்கும் ஒரு குழாய். அது அடைபட்டு வீங்கும். சரியான நேரத்தில் எடுத்துவிட்டால் சின்ன வேலை. விட்டுவிட்டால் வெடித்து, சீழ் வயிறெல்லாம் பரவும். ஆரணிக்கு வெடித்திருந்தது. எப்போது என்று அவரால் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை எடுத்திருந்தால், என்று நான் தொடங்க, "இப்போது அதற்கு நேரமில்லை, பிறகு கேளுங்கள், ஆனால் கட்டாயம் கேளுங்கள்" என்றார்.

ஒரு மணித்தியாலத்துக்குள் அவளைக் கொண்டுபோனார்கள். சத்திரசிகிச்சைத் தொப்பி அவளுடைய பின்னல்களுக்கு மேல் ஏறவில்லை. கடிபட்ட தாதியே கட்டுப்போட்ட கையோடு வந்து, இரண்டு தொப்பியை வெட்டி ஒட்டி ஒன்றாக்கித் தந்தா. நான் நன்றி சொன்னேன். "பிள்ளைக்கு எவ்வளவு நொந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா. கட்டில் போகும் பெரிய லிஃப்டுக்குள் ஆரணி தகட்டை வாசித்தாள். "ஆயிரத்து அறுநூறு கிலோ, இருபத்தொரு ஆள்" என்று அப்பாவிடம் சொன்னாள். காலைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வசனம் அது. சத்திரசிகிச்சை அறைக் கதவு மூடியதும் கோஜோ சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் அழவில்லை. பயந்தேன். பச்சையாகச் சொன்னால், பிள்ளை செத்தால் நானும் அந்த இளம் வைத்தியரும் சேர்ந்துதான் கொன்றோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணித்தியாலம் கழித்து நரைமுடி வைத்தியர் வெளியே வந்து, கழுவி எடுத்தாயிற்று, குழாய் ஒன்று சில நாள் வயிற்றில் இருக்கும், பிழைத்துவிடுவாள் என்றார். அதற்குப் பிறகுதான் கால் தரையில் பட்டது.

அடுத்த எட்டு நாளும் வைத்தியசாலை விடுதியில். கிருமிகொல்லி மருந்து நாளத்தால் ஏறிக்கொண்டிருந்தது. என் அக்கா வசந்தி லுட்விக்ஸ்புர்க்கில் இருக்கிறா. ஓட்டிசம் என்று அறிந்தபோது, "வெளியில சொல்லாத, ஆக்கள் தகப்பனைத்தான் சொல்லுவினம்" என்றவ. இரண்டு வருடமாக நாங்கள் அளவாகத்தான் கதைத்தோம். மூன்றாம் நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தா. கையில் ஐந்து சின்னப் பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இடியப்பம்.

"ஒண்டோட ஒண்டு முட்டினாச் சாப்பிடமாட்டாள் எண்டு சொன்னனீ எல்லே" என்றா. எப்போது சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

பிறகு கதிரையைக் கதவடியில் இழுத்துப்போட்டு இருந்தா. தட்டாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. துப்புரவு செய்ய வந்தவ, சாப்பாடு கொண்டுவந்தவர், எல்லோருக்கும் சட்டம் ஒன்றுதான். பிரிவின் பொறுப்பு வைத்தியர் மாணவர்களோடு திடுதிப்பென்று நுழைந்தபோது, முப்பது வருடமாக உடைந்தே கிடக்கும் தன் ஜேர்மனில், "வெளியே. தட்டு. பிறகு வா" என்றா. அவர் வெளியே போய்த் தட்டினார். நான் அக்காவை வெட்கத்தோடு தடுக்கப் பார்த்தேன், பழைய பழக்கம்.

"நீ சும்மா இரு. எல்லாருக்கும் சிரிச்சுச் சிரிச்சுத்தான் இஞ்ச வந்து கிடக்கிறம்" என்றா.

வீட்டுக்குப் போகும் நாள் காலை, விடுவிப்புக் கடிதத்தை வாசித்தேன். நோயாளி போகிற இடமெல்லாம் கூடவே போகும் கடிதம் அது. குடும்ப வைத்தியரிடம் போகும், அடுத்த வைத்தியசாலைக்குப் போகும், பாடசாலையில் அவளுக்கு உதவியாளர் கேட்கும் விண்ணப்பமான அன்ட்ராக்கோடும் போகும். அதில் எழுதியிருந்தது: நோயாளி முரட்டுத்தனமாக நடந்துகொண்டாள், ஊழியரைக் கடித்தாள். முதல் நாள் வலி எதுவும் தெரிவிக்கவில்லை. தாயின் தகவல்கள் முரணானவை.

மூன்றாவது வரி உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் வரியை விட்டுவிட்டால், இனிப் போகும் கதவெல்லாம் அவளுக்கு முன்னால் அந்த வரிதான் போகும். கறுப்புப் பிள்ளை, உயரமான பிள்ளை, முரடு என்ற முத்திரை. பதினைந்து வயதில் அவளுக்கு நெஞ்சு நொந்தால் யார் கேட்பார்கள்? இந்தக் கடிதத்தை ஏற்று நான் கையெழுத்துப் போடமாட்டேன், கட்டிலும் காலியாகாது என்றேன். நரைமுடி வைத்தியரும் பொறுப்பு வைத்தியரும் வந்தார்கள். இந்த முறை தட்டிவிட்டு வந்தார்கள்.

கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு பொறுப்பு வைத்தியர் மடிகணினியைத் திறந்தார். "சரி, நடந்தது நடந்துவிட்டது. கடித்த விசயத்தையே எடுத்துவிடுகிறேன். கோப்பில் ஒன்றும் இருக்காது. எல்லோருக்கும் நல்லது" என்றார்.

எனக்குப் பெரிய ஆறுதல். ஓம் ஓம், எடுத்துவிடுங்கள் என்று தலையாட்டினேன். கோஜோவும் தலையாட்டினார்.

"இல்லை" என்றாள் ஆரணி. கட்டிலில் ஹெட்போனோடு இருந்தவள் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தூக்கியிருந்தாள். வைத்தியரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து ஜேர்மனில் சொன்னாள். "நான் கடித்தேன். அதை எடுத்தால் பொய்."

"ஆரணி, டொக்டர் உனக்கு நல்லதுக்குத்தானம்மா செய்யிறார்" என்றேன் நான். மறுபடியும் நான்தான். அரம் கையிலேயே இருந்திருக்கிறது.

"கடித்தேன் என்று எழுதுங்கள்" என்றாள் வைத்தியரிடம். "ஏன் என்றும் எழுதுங்கள். வயிறு வெடித்திருந்தது. ஒருவரும் சொல்லாமல் பிடித்தார்கள்."

பொறுப்பு வைத்தியர் நரைமுடி வைத்தியரைப் பார்த்தார். அவர் மடிகணினியைத் தன் பக்கம் இழுத்துத் தட்டச்சுச் செய்யத் தொடங்கினார். முரட்டுத்தனம் என்ற சொல் போயிற்று. பிறகு திரையை ஆரணியின் பக்கம் திருப்பினார். அவள் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

"நோயாளிக்குக் குடல்வளரி வெடித்துக் கடும் வலி இருந்தது. முன்னறிவிப்பின்றிப் பல பேர் பிடித்ததால் நோயாளி கடித்தாள்."

ஆரணியின் விரல் நடுவில் நின்றது.

"பல பேர் இல்லை" என்றாள். "ஐந்து பேர். ஒருவர் காலை மட்டும் பிடித்தவர்."

வைத்தியர் ஐந்து என்று மாற்றினார். அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போட்டேன்.